ஜீன் போடின் சிந்தனையில் இறையாண்மையும் அறவரம்பும்

பிரெஞ்சு அறிஞர் ஜீன் போடின், 1576இல் வெளியிட்ட ‘குடியரசு பற்றிய ஆறு நூல்கள்’ என்னும் படைப்பில் இறையாண்மையை வரையறுத்தார். 1572ஆம் ஆண்டுப் புனித பார்த்தலோமியு நாள் படுகொலையும் சமயப் போர்களும் பிரான்சைச் சிதைத்திருந்த காலம் அது. ஆதலின் இறையாண்மை முழுமையானது, நிலையானது என்றும், சட்டம் இயற்றுதலே அதன் முதன்மைக் கூறு என்றும் அவர் நிறுவினார்.

எனினும் முழுமை என்பது வரம்பின்மை அன்று. மன்னன் தான் இயற்றிய சட்டத்திற்குக் கட்டுப்படான். இறைச்சட்டத்திற்கும் இயற்கைச் சட்டத்திற்கும் கட்டுப்பட்டவன். ஒப்பந்தம் காத்தலும், நியாயமான காரணமின்றிக் குடிகளின் உடைமையைப் பறியாமையும் அதன் விளைவுகள். 1576–77இல் புளுவா நகரில் கூடிய பிரதிநிதிகள் அவையில், அரசுடைமை நிலங்களை விற்க மூன்றாம் ஹென்றி முயன்றபோது, மன்னன் அவற்றின் பயன்கொள்வோனேயன்றி உரிமையாளன் அல்லன் என்று போடின் எதிர்த்தார்.

வரம்பு மீறும் மன்னனைத் தடுப்போர் யார்? முறையான மன்னனைக் குடிமக்கள் படைகொண்டு எதிர்த்தல் ஆகாது என்பது போடின் முடிபு. 1579இல் வெளிவந்த ‘கொடுங்கோலருக்கு எதிரான உரிமைக்கோரல்’ என்னும் ஹியூகனோ நூலோ, குடிகளின் சார்பில் அதிகாரிகள் எதிர்க்கலாம் என்றது. எனவே இரு தரப்பும் வேறுபட்டது அறவரம்பு உண்டா என்பதில் அன்று. அதனைக் காக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதிலேயே ஆகும்.