பறவைக் காய்ச்சல்: கோழியிடமிருந்து நம் நுரையீரலுக்கு

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சல் முற்றி இறந்துபோனான். அவனிடமிருந்து எடுத்த கிருமி, மனிதருக்கு வரும் ஃப்ளூ வகை எதிலும் சேரவில்லை. கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் எச்5என்1 வைரஸ் அது என்று ஆகஸ்டில் தெரியவந்தது. தொடர்ந்து 17 பேருக்கு அதே தொற்று. மொத்தம் 6 பேர் இறந்தனர். உயிர்க்கோழிச் சந்தைகளிலிருந்துதான் நோய் வருகிறது என்று தெரிந்ததும், டிசம்பர் இறுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். பரவல் நின்றது.

கோழியின் நோய் மனிதரிடம் எப்படி வேலை செய்கிறது? ஃப்ளூ வைரஸ் ஒரு செல்லுக்குள் புக வேண்டுமானால், அதன் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த அமிலம் பறவையின் செல்களில் ஒரு விதமாகவும், நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வேறு விதமாகவும் பிணைந்திருக்கிறது. ஆகவே பறவை வைரஸுக்கு அங்கே எளிதில் பிடி கிடைப்பதில்லை. இருமல், தும்மல் வழியே ஆளுக்கு ஆள் பரவுவதும் அரிது. ஆனால் நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்று நுண்ணறைகளில் பறவைக்குரிய பிணைப்பு நமக்கும் உண்டு. வைரஸ் அதுவரை இறங்கிவிட்டால், எதிர்த்துப் போராடும் உடலின் ஆவேசமே வினையாகிறது. நுண்ணறைகளில் நீர் கோத்து, ரத்தத்துக்கு ஆக்சிஜன் போகாமல் மூச்சு திணறுகிறது. 2003-க்குப் பிறகு உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட 900-க்கும் மேற்பட்ட எச்5என்1 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இவ்வளவு கடுமையாக வருவதில்லை. கண்ணின் மேற்படலத்திலும் அதே பிணைப்பு இருக்கிறது. 2024-இல் அமெரிக்கப் பால்மாடுகளிடமிருந்து தொற்றிய பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்குக் கண் சிவந்து எரிந்ததோடு சரி.

நன்றாக வெந்த கோழிக்கறிக்கும் முட்டைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. உள்வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். ஆபத்து, நோயுற்ற கோழியை அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும் எச்சம் அள்ளுவதிலும்தான். அப்படிக் கையாண்டவருக்குக் காய்ச்சல் வந்தால், கோழியைத் தொட்டதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஓசெல்டமிவிர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் பண்ணைகளில் தலைகாட்டிய இந்த நோய், 2021-இல் டெல்லியில் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. பண்ணையில் கோழிகள் திடீரென மடிந்தால் மறைக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு தரும் இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வந்தால்தான் பண்ணைக்காரர் துணிந்து சொல்வார். மனிதருக்கான காப்பு அங்கேதான் தொடங்குகிறது.