இருண்ட நடுவீட்டுக்கு வெளிச்சம்: கண்ணாடிக் கூரையா, ஒளிக்குழாயா?

சிரம்பான் – பட்டப்பகலில் நடுக்கூடத்தில் விளக்கு எரிவது தாமான் வீடுகளில் நமக்குப் பழகிப்போன ஒன்று. முன்னால் ஒரு சன்னல், பின்னால் ஒரு சன்னல். இரு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். குடும்பம் பெருகியதும் பின்புறத்தை மூடி குசினியை நீட்டுகிறோம். அதோடு பின்பக்க வெளிச்சமும் போய்விடுகிறது. நடு அறையும் குளியலறைக்குச் செல்லும் நடைவழியும் காலை பத்து மணிக்கே இருண்டு கிடக்கின்றன. வயதானவர்கள் படி தெரியாமல் தடுக்கி விழுவதற்கு இதுபோன்ற மூலைகளே காரணமாகின்றன.

கூரையில் ஒரு வழி திறந்து வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் இப்போது அதிகம். கடைக்காரர்கள் இரண்டு வகையைக் காட்டுகிறார்கள். ஒன்று, கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் தகடு பதித்த வழக்கமான கூரைச் சாளரம். மற்றொன்று, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே பளபளக்கும் குழாயைப் பொருத்தி ஒளியைக் கீழே இறக்கும் ஒளிக்குழாய். வெளிச்சம் இரண்டிலும் கிடைக்கும். அதோடு சேர்ந்து வரும் வெயிலிலும் மழையிலும்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பணம் கட்டும் முன் அதைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

நமக்குப் புதிதல்ல

கூரை வழியாக வெளிச்சம் எடுப்பது நம் முன்னோர் அறிந்த வழிதான். தமிழ்நாட்டு ஓட்டு வீடுகளில் சமையல்கட்டுக்கு மேலே ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி ஓடு பதிப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளின் நடுமுற்றம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சேர்த்தே அமைந்தது. சிரம்பான் போன்ற நம் நாட்டுப் பழைய நகரங்களின் கடைவீடுகளிலும் நடுவில் திறந்த காற்றுமுற்றம் இருக்கும். தகரக் கூரை போட்ட வீடுகளில் ஒரு தகட்டுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் நெளிதகட்டைப் பொருத்துவதும் இதே யோசனைதான்.

ஒளிக்குழாய் பிற்காலத்தில் வந்தது. இன்று கடைகளில் விற்கப்படும் வகை 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. கூரைக்கு மேலே தெளிவான குவிமூடி, நடுவில் உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் அலுமினியக் குழாய், கீழே சீலிங்கில் ஒளியைப் பரப்பும் மூடி என்று அதற்கு மூன்றே பாகங்கள். மேலே விழும் ஒளி குழாயின் சுவரில் பட்டுப் பட்டுக் கீழே வருகிறது.

வெயில் கணக்கு

சிரம்பான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. டிசம்பரில்கூட அது நேர் உச்சியிலிருந்து 26 பாகை அளவுக்குத்தான் சாய்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே பின்பற்ற முடியாது என்பதற்கு இதுவே காரணம். அங்கே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூரை வீட்டைச் சூடாக்கினால் மகிழ்வார்கள். நமக்கு அந்தச் சூடு தண்டனை.

மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஏறக்குறைய 800 வாட்டை உள்ளே விடும். ஒரு சிறிய மின்சார அடுப்பை அறையின் நடுவில் எரியவிட்டது போன்ற நிலை அது. ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 2,600 வாட் என்பதையும் நினைவில் வைத்தால், ஒரே ஒரு சதுர மீட்டர் கண்ணாடி அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுவது தெரியும்.

இப்போது ஒளிக்குழாயைப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய் 0.05 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதன் மேல் விழும் மொத்த வெயிலே 50 வாட்தான். அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் சுமார் 100 வாட். ஆக, அந்தக் குழாய் அரை ஆள் அளவுக்குக்கூட வீட்டைச் சூடாக்காது.

இவ்வளவு சிறிய துளை வெளிச்சத்துக்குப் போதுமா என்று கேட்கலாம். நல்ல வெயிலில் குழாயின் வாயில் விழும் ஒளியில் பாதி வழியிலேயே வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், கீழே வருவது 9 வாட் எல்இடி விளக்குகள் மூன்றுக்குச் சமம். நடைவழிக்கும் குளியலறைக்கும் சிறிய சமையலறைக்கும் இது தாராளம். வானம் கறுத்தால் அரை விளக்கின் அளவுக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே எந்த வகையைப் போட்டாலும் மின்விளக்கைக் கழற்றிவிடக் கூடாது.

குழாயின் உட்பூச்சு

ஒளிக்குழாய் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உட்புறம் எத்தனை விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைத்தான். 98 விழுக்காடு திருப்பும் குழாயில் ஒளி பத்து முறை மோதினாலும் 82 விழுக்காடு மிஞ்சும். 90 விழுக்காட்டுக் குழாயில் 35 மட்டுமே மிஞ்சும். 85 விழுக்காடு என்றால் 20தான். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். விலை குறைவு என்று சாதாரண அலுமினியக் குழாயை வாங்கினால் சீலிங்கில் மங்கலான வட்டம்தான் தெரியும்.

குழாய் நேராகவும் குட்டையாகவும் இருப்பது நல்லது. வளைவுகள் கூடினால் மோதல்கள் கூடும். சூரியன் உச்சியில் நிற்கும் நம் ஊரில் நேர்க்குழாய் நன்றாகவே வேலை செய்யும். ஒரே மாடி வீட்டுக்கு இது எளிது. இரண்டு மாடி வீட்டில் கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் வேண்டுமானால், குழாய் மேல்மாடி அறையின் ஒரு மூலை வழியாகவோ அலமாரிக்குள் மறைந்தோ இறங்க வேண்டியிருக்கும்.

ஒரு குறையும் உண்டு. ஒளிக்குழாய் வழியாக வானம் தெரியாது, காற்றும் வராது. இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவர் படுக்கையறையில் அதைப் போட்டால், அடைக்கும் மூடியையும் சேர்த்தே வாங்க வேண்டும். செனவாங் தொழிற்சாலைகளில் இரவு மாற்றில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இது முக்கியம்.

காற்றுமுற்றத்தை மூடலாமா?

வழக்கமான கூரைச் சாளரத்தை நம்மவர்கள் அதிகம் நாடுவது காற்றுமுற்றத்தை மூடும்போதுதான். மழைச் சாரல் அடிக்கிறது, திருடர் பயம், இடமும் கூடும் என்று காரணங்கள் நியாயமானவை. ஆனால் அது வெறும் காலி இடம் இல்லை. ஒரே சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் 1984, குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் வேண்டும் என்கின்றன. இரண்டு மாடி வரையிலான கட்டடத்தில் அறைகளுக்கான காற்றுமுற்றம் குறைந்தது 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

அந்த 7 சதுர மீட்டரையும் தெளிந்த தகட்டால் இறுக மூடினால் என்ன ஆகும்? மேலே சொன்ன கணக்கில் நண்பகலில் 5,600 வாட் வெப்பம் உள்ளே வரும். இரண்டு குளிர்சாதனங்கள் சேர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். போதாக்குறைக்கு, சமையல் புகையும் ஈரமும் வெளியேற இருந்த வழியும் அடைபட்டுவிடும்.

மூடியே தீர வேண்டும் என்றால் தகட்டைக் கூரையோடு ஒட்டிப் பதிக்காமல், சற்று உயர்த்தி, நான்கு பக்கமும் சாய்பலகைத் தடுப்பு வைக்கலாம். சூடான காற்று மேலேறி வெளியே போகும், மழை உள்ளே வராது. நிறமேற்றிய அல்லது பால்நிறத் தகடு வெயிலைக் குறைக்கும். வெளிச்சமும் சற்றுக் குறையும், அது பரவாயில்லை. வேலையைத் தொடங்கும் முன் சிரம்பான் மாநகர் மன்றத்திலோ உங்கள் பகுதி நகராண்மைக் கழகத்திலோ அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் கட்டியதைப் பிறகு உடைக்கச் சொன்னால் நட்டம் நமக்குத்தான்.

மழை தரும் சோதனை

தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று ஜெலுபு. அங்கேயே ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நெகிரி செம்பிலானில் கூரையில் துளை போட்டால் அது மழையோடு போராடும் துளை.

ஒழுக்கு பெரும்பாலும் கண்ணாடியில் தொடங்குவதில்லை. கூரையும் சாளரமும் சேரும் விளிம்பில்தான் தொடங்குகிறது. அந்த விளிம்பைச் சுற்றி ஃபிளாஷிங் எனப்படும் தகரப் பட்டை போட வேண்டும். மேல்பக்கத்துப் பட்டை ஓட்டுக்கு அடியிலும், கீழ்ப்பக்கத்துப் பட்டை ஓட்டுக்கு மேலேயும் வர வேண்டும். பட்டையே இல்லாமல் சிலிகோனை மட்டும் அப்பிவிட்டுப் போகிறவர் இருந்தால் பணத்தை முழுமையாகக் கொடுத்துவிடாதீர்கள். வெயிலில் தகரம் விரியும், மழையில் சுருங்கும். சிலிகோன் வெடித்துவிடும். சுற்றளவு குறைவு என்பதால் ஒளிக்குழாயில் ஒழுக்குக்கான வாய்ப்பும் குறைவு. ஆனால் பட்டை சரியில்லை என்றால் அதுவும் ஒழுகும்.

பாலிகார்பனேட் தகட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே வெயில் தடுப்புப் பூச்சு இருப்பது உண்டு. அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் பதித்தால் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். எந்தப் பக்கம் மேலே என்பது தகட்டின் மேலுள்ள தாளில் அச்சிடப்பட்டிருக்கும். வேலை முடியும்வரை அதை உரிக்கவிடாதீர்கள்.

மின்கட்டணம் குறையுமா?

குறையும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 9 வாட் விளக்குகள் மூன்றைத் தினமும் எட்டு மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு ஆறரை யூனிட் ஆகும். ஒரு யூனிட்டுக்கு 50 சென் என்றே வைத்தாலும் மூன்றேகால் வெள்ளிதான். போட்ட பணத்தை மின்கட்டணத்திலேயே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பெரிய கண்ணாடியால் அறை சூடாகி மின்விசிறியும் குளிர்சாதனமும் கூடுதல் நேரம் ஓடினால் மிச்சப்படுத்தியதும் போய்விடும். கூரை வெளிச்சத்தின் உண்மையான பலன் வேறு: பிள்ளைகள் படிக்க ஓர் இடம், பெரியவர்கள் தடுமாறாமல் நடக்க ஒரு வழி, பூசணம் பிடிக்காத குளியலறை.

தோட்ட வீடுகளில்

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டின் கூரை தொழிலாளருடையது அல்ல. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 வகுக்கிறது. வீட்டைப் பழுதுபார்ப்பது முதலாளியின் பொறுப்பு. ஆகவே இருட்டோ ஒழுக்கோ பிரச்சினை என்றால் சொந்தச் செலவில் கூரையை வெட்டாமல், நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம். அடுக்குமாடி வீடுகளில் கூரை எல்லாருக்கும் பொதுவான சொத்து. அங்கே தனியாக முடிவெடுக்க இயலாது.

பழைய வீடுகளில் சாம்பல் நிற நெளிகூரை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுத்தால் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அந்தக் கூரையில் துளையே போட வேண்டாம். இன்னோர் எச்சரிக்கை: ஒளி ஊடுருவும் தகடும் பழைய ஆஸ்பெஸ்டாஸும் ஆள் பாரத்தைத் தாங்காது. கிளை எடுக்க, குருவிக்கூடு எடுக்க என்று ஏறிக் கால் வைத்தவர்கள் தகடு உடைந்து கீழே விழுகிறார்கள். பாசி பிடித்துப் பக்கத்துத் தகட்டோடு நிறம் ஒன்றாகிவிட்டால் எது எது என்றே தெரியாது.

சொந்தக் கம்பத்து வீட்டில் சாதாரணத் தகரக் கூரை உள்ளவர்களுக்கு மிக மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. பிரேசில் நாட்டின் உபேராபா நகர மெக்கானிக் அல்ஃப்ரெடோ மோசர், 2002இல் மின்வெட்டுக் காலத்தில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி குளோரின் ஊற்றி, கூரைத் துளையில் பொருத்தினார். வெயில் நேரத்தில் அது 40 முதல் 60 வாட் குண்டு விளக்குப்போல் ஒளிர்ந்தது. 2011 முதல் பிலிப்பைன்ஸில் ஓர் அறநிறுவனம் இதை ஏழைக் குடியிருப்புகளுக்குப் பரப்பியது. சாமான் கொட்டகைக்கும் பின்கட்டுக்கும் இது போதும். விளிம்பில் நீர் கசியாதபடி அடைப்பதே முழு வேலையும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒட்டுச் சுவர் தாமான் வீட்டில் இருண்ட நடைவழி, குளியலறை, குசினி என்றால் ஒளிக்குழாய் பொருத்தம். காற்றும் வானமும் வேண்டும் என்றால் காற்றுமுற்றத்தைக் காப்பாற்றுங்கள், அல்லது உயர்த்திய மூடியாகப் போடுங்கள். தட்டையாகப் பதித்த பெரிய தெளிந்த கண்ணாடி நம் வெயிலுக்கு ஆகாது. எந்த வகையானாலும் கூரையின் கிழக்குச் சரிவில் வைப்பது நல்லது. மேற்குச் சரிவில் வைத்தால் வீடு ஏற்கெனவே கொதித்திருக்கும் பிற்பகல் வெயில் உள்ளே இறங்கும்.

செலவு செய்யும் முன் ஒரு சிறு சோதனை. காலை பதினொரு மணிக்கு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஒரு நாளிதழைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த மூலையில் எழுத்துத் தெரியவில்லையோ அங்கே மட்டும்தான் கூரையைத் திறக்க வேண்டும். இருள் ஓர் அலமாரியாலோ கனத்த திரைச்சீலையாலோ வருகிறது என்றால் அதை நகர்த்தினாலே போதும்.