ரீட்டா லெவி மொண்டால்சினி: நரம்பணுக்களின் அழிவும் வளர்ச்சியும்

முன்னுரை

கருவில் உருவாகும் நரம்பணுக்களுள் சில நிலைத்திருக்க, வேறு சில ஏன் அழிகின்றன என்பது நரம்பியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. இதற்கு விடைகாண வழிவகுத்தவர் இத்தாலிய அறிவியலாளர் ரீட்டா லெவி மொண்டால்சினி (1909–2012). முன்பே வெளிவந்திருந்த ஓர் ஆய்வு முடிவை மறுவாசிப்புச் செய்ததே அவரது கண்டுபிடிப்பின் தொடக்கம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வியும் தடையும்

துரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், பெண்கள் தொழில் மேற்கொள்வதை விரும்பாத தந்தையிடம் இசைவு பெற்று மருத்துவம் பயின்று, 1936இல் பட்டம் பெற்றார். திசுவியல் பேராசிரியர் ஜூசெப்பே லெவி இவருக்கு ஆய்வுநெறி கற்பித்தார். முசோலினி அரசு 1938இல் கொண்டுவந்த இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகப் பணிகளிலிருந்து விலக்கின. மொண்டால்சினி தம் படுக்கையறையையே ஆய்வகமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டி நுண்கருவிகளாகப் பயன்படுத்தினார். கோழி முட்டைகள் ஆய்வுப்பொருளாயின. பணியிழந்த ஆசிரியரும் பின்னர் அவ்வாய்வில் இணைந்தார்.

மறுவாசிப்பு

கோழிக்கருவின் சிறகரும்பை அகற்றினால் அதற்குரிய நரம்பணுக்கள் குறைகின்றன என்று விக்டர் ஹாம்பர்கர் 1934இல் வெளியிட்டிருந்தார். உறுப்பிலிருந்து வரவேண்டிய தூண்டல் இல்லாமையால் அணுக்கள் உருவாகவில்லை என்பது அவர் தந்த விளக்கம். மொண்டால்சினி இத்தகைய சோதனையைச் செய்து, கருவின் அடுத்தடுத்த வளர்நிலைகளை ஒப்பிட்டார். நரம்பணுக்கள் உருவாகி, வளரத் தொடங்கி, அதன் பின்னரே மடிவதைக் கண்டார். இரு விளக்கங்களும் ஒரே எண்ணிக்கைக் குறைவைப் பற்றியனவே. எனினும், அணுக்களை உருவாக்குவது எது என்ற வினா, அவற்றை வாழவைப்பது எது என்று மாறியது.

வளர்ச்சிக் காரணி

தம் விளக்கத்தை மறுத்த மொண்டால்சினியை ஹாம்பர்கரே அமெரிக்காவிற்கு அழைத்தார். 1947இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், ஹாம்பர்கருடன் இணைந்து 1949இல் வெளியிட்ட ஆய்வு, நரம்பணு அழிவு இயல்பான கருவளர்ச்சியிலும் நிகழ்வதைக் காட்டியது. 1952இல் ரியோ டி ஜெனீரோவில் திசு வளர்ப்பு முறையைக் கையாண்டார். சுண்டெலியின் புற்றுக்கட்டித் துண்டருகே வைத்த நரம்புக்கணுவிலிருந்து இழைகள் ஒளிவட்டம் போல் அடர்ந்து வளர்ந்தன. கட்டியிலிருந்து ஒரு பொருள் பரவுவதற்கு இது சான்றாயிற்று. உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென் அப்பொருள் ஒரு புரதம் என நிறுவினார். பாம்பு நஞ்சிலும் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது மிகுதியாக இருப்பதும் தெரியவந்தது. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி. இருவருக்கும் 1986இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முடிவுரை

அப்பரிசில் ஹாம்பர்கர் இடம்பெறாதது விவாதத்திற்குள்ளானது. அவரது 1934ஆம் ஆண்டுச் சோதனை இல்லையேல் மொண்டால்சினியின் வினா எழுந்திராது. மொண்டால்சினியின் மறுவாசிப்பு இல்லையேல் அச்சோதனையின் உட்பொருள் வெளிப்பட்டிராது. கருவின் இறுதிநிலையில் அணுக்களை எண்ணுவதோடு நில்லாமல் இடைநிலைகளையும் நோக்கியதே இம்மாற்றத்திற்குக் காரணம். நரம்பணுக்கள் நிலைபெறுவதற்கு அவை சென்றடையும் உறுப்பின் ஆதரவு தேவை என்னும் கருத்து, இவ்வாறு நரம்பு வளர்ச்சியியலில் வேரூன்றியது.