உஷார்! அந்த நட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காரும் பிள்ளைகளே, ஒரு நிமிஷம். ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்கின் மனைவி. வீட்டுக்குக் கீழேயே பட்டறை. எண்ணெய்க் கறை பழகிவிட்டது. ரத்தக் கறை இன்னும் பழகவில்லை.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் கன்னத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு ஓடி வந்தான். வீடியோ பார்த்து பைக்குக்கு ஃபோர்க் ஆயில் மாற்றியிருக்கிறான். மேல் மூடியைக் கழற்றும்போது அதற்கு நேர் மேலே குனிந்து பார்த்திருக்கிறான். கடைசி மரை விட்டதுதான் தாமதம், மூடி முகத்துக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு அரை அங்குலம் கீழே, ஏழு தையல்.

"அது சும்மாதானே இருந்துச்சு அத்தை" என்றான்.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "சும்மா இல்லடா. அமுங்கிக் கிடந்துச்சு."

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஃபோர்க்குக்குள்ளே, கார் ஸ்ட்ரட்டைச் சுற்றி இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கித்தான் மாட்டியிருப்பார்கள். வண்டியை நிறுத்திப் பத்து வருஷம் ஆனாலும் அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அமுக்க 25 கிலோ கேட்கும் கார் ஸ்பிரிங்கைப் பத்து சென்டிமீட்டர் அமுக்கினால், 250 கிலோ எடை ஏறி உட்கார்ந்த மாதிரி. அதைப் பிடித்து வைத்திருப்பது ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ஒரே ஒரு நட்டு!

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் போடாமல் அந்த நட்டைத் தொடவே தொடாதீர்கள்.

கம்ப்ரஸர் போட்டாலும் அவசரம் ஆகாது. இரண்டு கொக்கியும் எதிரெதிரே இருக்க வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஸ்பிரிங் வளைந்தாலோ, கொக்கி நழுவினாலோ, கம்பியில் கிரீஸ் இருந்தாலோ, நிறுத்துங்கள். ஸ்பிரிங் தன் இடத்தில் கையால் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் நட்டு. அமுக்கிய ஸ்பிரிங்கைத் தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில்!

இன்னொரு அடையாளம் சொல்கிறேன், மனசில் வையுங்கள். சாதாரண நட்டு இரண்டு சுற்று விட்டதும் விரலாலேயே சுழலும். கடைசி மரை வரைக்கும் இறுக்கமாகவே வருகிறதா? உள்ளே ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். துருவாகவும் இருக்கலாம். இருந்தாலும் முகத்தை விலக்குங்கள். ஃபோர்க் மூடியென்றால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டே கடைசிச் சுற்றைச் சுற்றுங்கள்.

சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்கைக் கட்டிங் பிளேயரால் இழுக்கிறீர்களே, அது வழுக்கினால் பல்லைத்தான் பதம் பார்க்கும். ஸ்டாண்டை அசைத்து, ஸ்பிரிங் நன்றாக விரியும் இடத்தில் சுருள்களுக்கு நடுவே வாஷர்களைச் செருகுங்கள். ஸ்டாண்டைத் திருப்பினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தொளதொளவென்று வந்துவிடும். இது எங்கள் பட்டறைச் சின்னப் பையனுக்கே தெரியும்.

லாரி, பஸ் வைத்திருப்பவர்கள் காதில் இது விழட்டும். ஏர் பிரேக் சேம்பரில் காற்று இறங்கிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது தப்பு. காற்றுப் போன பிறகும் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் உள்ளே அமுங்கித்தான் கிடக்கும். அதன் கிளாம்பைக் கழற்றினால் தலையே போகும். உயிர் போயிருக்கிறது. திறக்காதே என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். பழுதானால் பிரிக்காதீர்கள், சேம்பரையே மாற்றச் சொல்லுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். ஸ்ட்ரட்டை மட்டும் முழுசாகக் கழற்றி, ஸ்பிரிங் வேலையை ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கேட்கிற கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள் கண்ணுகளா.