ஊரார் வீட்டுச் சலுகை

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஒரு பழமொழி உண்டு. பந்தியில் பரிமாறுகிறவள் தன் மனைவி, நெய்யோ வேறொருவருடையது. இலையில் நெய் வழிவதற்குக் கேட்பானேன்! இந்தக் காலத்தில் அந்தப் பழமொழிக்கு ஹோட்டல் அறைகளிலும் வேலை வந்திருக்கிறது.

விடுமுறைக்கு வெளியூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் கண்ணை உறுத்துவது ஹோட்டல் வாடகைதான். அந்தச் சமயம் பார்த்து உறவினர் யாராவது கைகொடுக்க வருவார். "அக்கா, என் சிநேகிதன் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். அந்தக் கம்பெனியின் கோட் என்னிடம் இருக்கிறது. ரூம் புக் பண்ணும்போது அதைப் போடு. வாடகை மளமளவென்று இறங்கிவிடும். அத்தானே அசந்து போவார்!" என்பார் தம்பி. போட்டுப் பார்த்தால் வாஸ்தவமாகவே இறங்குகிறது. காலைச் சிற்றுண்டியும் இலவசம் என்று வருகிறது. அப்புறம் என்ன, பெட்டியைக் கட்ட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். அந்த வாடகை ஏன் இறங்கிற்று, யாருக்காக இறங்கிற்று என்று தெரிந்துகொண்டு பெட்டியைக் கட்டலாம்.

கோட் என்பது என்ன?

மாரியட், ஹில்டன் போன்ற பெரிய ஹோட்டல் குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுகிறவர்கள் விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் மட்டுமல்ல. வேலை நிமித்தமாக ஊர் ஊராகப் போகும் உத்தியோகஸ்தர்களும்தான். ஆகையால் பெரிய கம்பெனிகளும் ஹோட்டல்களும் ஆண்டுக்கொரு முறை உட்கார்ந்து பேரம் பேசுகின்றன. "எங்கள் ஆட்கள் வருஷத்தில் இத்தனை இரவு உங்களிடம் தங்குவார்கள்" என்கிறது கம்பெனி. "அப்படியானால் உங்கள் ஆட்களுக்கு இன்ன வாடகை" என்கிறது ஹோட்டல். அந்த ஒப்பந்தத்துக்கு ஓர் எண்ணோ எழுத்துக்களோ கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார்கள். அதுதான் கோட்.

சில ஒப்பந்தங்களில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. சாதாரண அறைகளில் கடைசி ஒன்று மிச்சமிருந்தாலும், அதையும் அந்தக் கம்பெனி ஆட்களுக்குப் பேசிய வாடகைக்கே கொடுத்தாக வேண்டும். ஊரெல்லாம் கூட்டம் நிரம்பி வாடகை உச்சத்தில் இருக்கும் நாளிலும் கோட் போட்டால் குறைந்த விலை காட்டுவதற்குக் காரணம் இதுதான். அந்த நாளில் வெளியார் ஒருவர் அந்த அறையில் புகுந்துகொண்டால் ஹோட்டல்காரர் சும்மா இருப்பாரா?

கவுண்டரில் நடப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரறிந்த வாடகை ஓர் இரவுக்கு 9,000 ரூபாய். கோட் போட்டால் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதற்கு மேல் போனால் 18 சதவிகிதம். ஆக, கோட் வாடகையில் வரியோடு சேர்த்து ஓர் இரவுக்கு 6,825 ரூபாய்; மூன்று இரவுக்கு 20,475 ரூபாய்.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. மும்பையில் விமானம் தாமதமாக இறங்கி, ஹோட்டல் வாசலுக்கு வரும்போது இரவு பதினொன்றரை. கவுண்டரில் இருக்கும் பெண் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்கிறாள்: "சார், உங்கள் கம்பெனி அடையாள அட்டை?"

அட்டை ஏது? புக் பண்ணியதும் வந்த கடிதத்தின் அடியில், "இந்த வாடகைக்கு உரியவர் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்" என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

இப்போது அன்றைய முழு வாடகை கேட்கப்படும். 9,000 ரூபாயும் 18 சதவிகித வரியும் சேர்ந்து ஓர் இரவுக்கு 10,620 ரூபாய். மூன்று இரவுக்கு 31,860 ரூபாய். வித்தியாசம் 11,385 ரூபாய். வாடகை ஏறியதோடு வரியும் ஒரு படி தாவிவிட்டதைக் கவனியுங்கள். ஹோட்டல் கண்டிப்பானதாக இருந்தால், "இந்தப் பதிவு செல்லாது, வேறு அறையும் இல்லை" என்றும் சொல்லிவிடலாம். தூங்கி விழும் குழந்தைகளையும், கால் வலிக்கும் பாட்டியையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வேறு இடம் தேடுவது எப்படி?

"எங்கள் எதிர் வீட்டார் நாலு தடவை போனார்கள், ஒருவரும் கேட்கவில்லையே!" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். பல நாள் கேட்பதில்லை. கூட்டம் இல்லாத நாளில் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். அறைக்குக் கிராக்கி இருக்கும் நாளில் கேட்பார்கள். நாம் குடும்பத்தோடு போவதோ விடுமுறைக் கூட்டத்தில்தான்!

கொடுத்தவர் கதி

போனது பணத்தோடு போயிற்று என்று இருந்துவிடலாம். ஆனால் இதில் இன்னொருவர் இருக்கிறாரே, கோட் கொடுத்த அந்தச் சிநேகிதர்!

எந்தக் கோட்டில் எத்தனை இரவு தங்கினார்கள் என்று ஹோட்டல் கணக்கு வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டுப் பேரத்துக்கு அந்தக் கணக்குத்தான் ஆதாரம். கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணும் சேர்ந்து ரசீதில் ஏறிவிட்டால், ஹோட்டல் வரிக் கணக்குக் கொடுத்ததும் அந்த ரசீது கம்பெனியின் வரிக் கணக்கில் தானாகவே வந்து நிற்கும். "மும்பையில் மூன்று இரவு தங்கியது யார்? நம் ஆள் ஒருவரும் அங்கே போகவில்லையே" என்று கணக்கர் கேட்டால், விசாரணை யாரிடம் போய் முடியும்? கோட்டை வெளியில் கொடுப்பது உத்தியோக விதிகளுக்கு மாறானது என்றால், சிநேகிதர் மேலதிகாரியின் முன் நிற்க வேண்டியதுதான். நாம் மிச்சம் பிடித்தது பதினோராயிரம். அவர் பணயம் வைத்தது மாதச் சம்பளம்.

ஹோட்டல் ஊழியர்களின் உற்றார் நண்பர்களுக்கென்று உள்ள சலுகை இதைவிட நுட்பமானது. ஹில்டன், மாரியட் இரண்டிலும் அப்படி ஒரு வாடகை உண்டு. அது இன்ன ஊழியர் மூலமாக வந்தது என்ற அடையாளத்தோடு வருவது. விருந்தாளி செய்யும் தவறு நேராக அந்த ஊழியரைப் போய்ச் சேரும்.

ஹோட்டல் குழுக்களில் அங்கத்தினராகிப் பாயிண்ட் சேர்த்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமையில்லாத சலுகையை எடுத்துக்கொண்டால், சேர்ந்த பாயிண்டுகளை ரத்து செய்யவும் கணக்கை மூடவும் அந்தத் திட்டங்களின் விதிகளில் இடமுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

கோட் போட்ட குற்றத்துக்காகக் குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. முழு வாடகையை வாங்கிக்கொள்வதோடு ஹோட்டல் பெரும்பாலும் திருப்தி அடைந்துவிடும். ஆனால் கவுண்டரில் கேட்பார்களே என்று, இல்லாத உத்தியோகத்துக்கு அடையாள அட்டையோ விசிட்டிங் கார்டோ அச்சடித்து எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் விளையாட்டு வினையாகிறது. தன்னை வேறொருவராகக் காட்டி ஏமாற்றுவதை பாரதிய நியாய சம்ஹிதையின் 319-வது பிரிவு குற்றமென்கிறது. அதையே கம்ப்யூட்டர் மூலம் செய்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கோட்டை விலைக்கு விற்கும் ஆசாமிகளிடமும் எச்சரிக்கை தேவை. "ஐந்நூறு ரூபாய் அனுப்புங்கள், பாதி வாடகை ஆக்கித் தருகிறேன்" என்பார்கள். பணம் போனதும் ஆள் மாயம். சிலர், "நானே புக் பண்ணித் தருகிறேன்" என்று வங்கி அட்டை எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் நஷ்டம் ஹோட்டல் வாடகையோடு நிற்காது. அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

நேர் வழியில் சிக்கனம்

அப்படியானால் நடுத்தரக் குடும்பம் நல்ல ஹோட்டலில் தங்கவே கூடாதா? தாராளமாகத் தங்கலாம்.

முதலில், வீட்டில் உத்தியோகம் பார்ப்பவர் கணவரோ மனைவியோ, தம் சொந்தக் கம்பெனியையே கேட்டுப் பார்க்கலாம். விடுமுறைப் பிரயாணத்துக்கும் அந்த வாடகையை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் கம்பெனிகள் உண்டு; கூடாது என்பவையும் உண்டு. அனுமதி இருந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். உத்தியோகஸ்தர் தாமே கூடத் தங்க வேண்டுமா, குடும்பத்தார் மட்டும் போனால் செல்லுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பெரிய ஹோட்டல் குழுக்களில் காசில்லாமலே அங்கத்தினராகலாம். அங்கத்தினர்களுக்கு வாடகையில் ஒரு சிறு குறைப்பு உண்டு. மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று பாட்டியின் பெயரில் கேட்பதில் தவறில்லை. பாட்டியின் வயதுக்கு அத்தாட்சி பாட்டியிடமே இருக்கிறது! வியாபாரத்துக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் நகரத்து ஹோட்டல்களில் சனி, ஞாயிறுகளில் வாடகை இறங்குவது வழக்கம். தேதி மாறாது என்று நிச்சயமானால், பணம் திரும்பாது என்ற நிபந்தனையுள்ள முன்பண வாடகை மலிவாகக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹோட்டலுக்கே போன் செய்து, "இதைவிடக் குறைவாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கறிகாய்க்காரரிடம் கேட்கிற வாய்க்கு இங்கே மட்டும் என்ன கூச்சம்?

ஏற்கெனவே இரவல் கோட்டில் புக் பண்ணி வைத்திருக்கிறீர்களா? ரத்து செய்யக் கெடு இருக்கும்போதே ரத்து செய்துவிட்டு, உங்களுக்கு உரிய வாடகையில் மறுபடி பதிவு செய்யுங்கள். சில ஆயிரம் கூடுதலாகலாம். கவுண்டரில் அந்தப் பெண் எதைக் கேட்டாலும் குழந்தைகள் எதிரில் விழிக்க வேண்டிய அவசியமிராது. ஊரில் இருக்கும் சிநேகிதரின் உத்தியோகத்துக்கும் உங்களால் ஒரு குறையும் வராது.