பழைய கேமிடம் பொய் சொல்வது எப்படி?

1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமை விண்டோஸ் 7 லேப்டாப்பில் போட்டவர்களில் பலர் முதல் நிமிடத்திலேயே திகைத்துப் போனார்கள். புல்தரை ஊதா, கடலில் சிவப்புத் திட்டுகள், குதிரைவீரன் முகத்தில் பச்சை. ஆட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. விறகு வெட்டுபவன் வெட்டினான், சத்தம் சரியாகக் கேட்டது, நிறம் மட்டும் தறிகெட்டுக் கிடந்தது. சி.டி.யில் கீறல் என்று துடைத்தவர்களும் உண்டு, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று லேப்டாப்பை சர்வீஸுக்குத் தூக்கிப்போனவர்களும் உண்டு.

இதற்குப் புழங்கிய வைத்தியம் விசித்திரமானது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலை நிறுத்திவிட வேண்டும். டாஸ்க்பார், ஐகான்கள் எல்லாம் மறைந்து திரை வெறிச்சோடிவிடும். அந்த நிலையில் கேமைத் தொடங்கினால் புல் பச்சையாக இருக்கும், கடல் நீலமாக இருக்கும்.

காரணம் தெரிய, அந்தக் கேம் நிறத்தை எப்படி எழுதி வைத்தது என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து 640க்கு 480 திரையில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் கொடுத்தால் ஒரு படத்துக்கே 900 கே.பி. ஆகும். பல கார்டுகளில் ஓரிரு எம்.பி. நினைவகமே இருந்த காலத்தில் அது ஊதாரித்தனம். ஆகவே 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தனியே வைத்துக்கொண்டார்கள். புள்ளிக்கு ஒரே பைட்தான். ‘பட்டியலில் 47ஆம் நிறம்’ என்று எண்ணை மட்டும் அது சொல்லும். செலவு 300 கே.பி.யோடு முடிந்தது. கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் அசைய வேண்டுமா? ஒரு புள்ளியையும் தொட வேண்டாம். பட்டியலில் நாலைந்து நீலங்களைச் சுழற்சியாக இடம் மாற்றினால் கடல் முழுவதும் அலையடிக்கும்.

அந்தப் பட்டியல் கேமுக்கு மட்டுமே சொந்தம் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நின்றது. விண்டோஸ் 7இல் டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் வரையும் எக்ஸ்ப்ளோரர், பின்னால் இருந்தபடியே பட்டியலில் தன் நிறங்களை எழுதிவிட்டது. 47ஆம் இடத்தில் இருந்த புல்லின் பச்சை போய் ஊதா வந்து உட்கார்ந்தது. எக்ஸ்ப்ளோரரை நிறுத்தினால் குறுக்கே கை வைக்க ஆளில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 256 நிற முறையே நேரடியாகக் கிடையாது. விண்டோஸ் அதை நடித்துக் காட்டுகிறது. நிறக் குழப்பம் குறைந்தது. பதிலுக்குப் படம் திக்கித் திணறுவதும் கறுப்புத் திரையோடு நின்றுவிடுவதும் கூடின.

பழைய கேம்கள் புது லேப்டாப்பில் தகராறு செய்வதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கேமில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தான் பிறந்தபோது இருந்த கணினியைப் பற்றி அது சில அனுமானங்கள் வைத்திருக்கிறது, அவை இப்போது பொய்த்துவிட்டன. அதைத் திருத்தி எழுத மூலநிரல் பெரும்பாலும் நம் கையில் இல்லை. அப்போது மிச்சமிருக்கும் வழி, நீ இன்னும் 1999இல்தான் இருக்கிறாய் என்று அதை நம்ப வைப்பது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். இங்கே நாலைந்து பொய் போதும்.

பொய் சொல்ல ஏற்ற இடம் டி.எல்.எல். ஃபைல், அதாவது நிரல்கள் வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் துணை நிரல். திரையில் வரைய வேண்டியதையெல்லாம் கேம் அந்தக் காலத்து டைரக்ட்டிரா, டைரக்ட்3டி போன்ற டி.எல்.எல்.களிடம்தான் கேட்கும். கேட்டதும் விண்டோஸ் பொதுவாக முதலில் தேடுவது கேம் இருக்கும் ஃபோல்டரில். அங்கே இல்லாவிட்டால்தான் தன் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். அதே பெயரில் இன்னொரு டி.எல்.எல்.லைக் கேமின் பக்கத்தில் வைத்துவிட்டால், கேம் அதைத்தான் நிஜம் என்று எடுத்துக்கொள்ளும். இப்படி நடுவில் நின்று மொழிபெயர்க்கும் நிரலை ‘ராப்பர்’ என்கிறார்கள். சி.என்.சி.-டிடிரா, டிஜிவூடூ 2 இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னது 256 நிறக் காலத்து இருபரிமாணக் கேம்களுக்கு நல்லது. பின்னது பழைய டைரக்ட்3டி கட்டளைகளை டைரக்ட்3டி 11க்கோ 12க்கோ மாற்றிக் கொடுக்கிறது. 1996இல் வூடூ கார்டோடு வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் கிளைட் மொழியும் அதற்குத் தெரியும். அந்த நிறுவனம் 2000இன் கடைசியில் என்விடியாவிடம் சொத்துகளை விற்றுவிட்டு மறைந்துவிட்டது. அதன் மொழியில் மட்டும் பேசத் தெரிந்த கேம்களுக்கு இப்படி ஒரு துபாஷி இல்லாவிட்டால் கதியில்லை.

செய்முறையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப் 64 பிட் என்பதால் 64 பிட் டி.எல்.எல்.லை எடுத்துப் போடுவார்கள். கேம் 32 பிட். அதற்கு எக்ஸ்86 ஃபோல்டரில் இருப்பதுதான் வேண்டும். இன்னொன்று: ‘டி.எல்.எல். காணவில்லை’ என்று செய்தி வந்ததும், டி.எல்.எல். மட்டும் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் இறக்காதீர்கள். என்ன வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காணாமல்போனது டி3டிஎக்ஸ்9 வகையென்றால், மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பிலேயே அது இருக்கிறது.

ராப்பர் சொல்லும் பொய்களில் எனக்குப் பிடித்தது நினைவகப் பொய். அந்நாளில் சில கேம்கள் கார்டின் நினைவகத்தை 32 பிட் எண்ணாக, கூட்டல்-கழித்தல் குறியோடு படித்தன. அப்படிப் படித்தால் உச்ச எண் 2,14,74,83,647. அதாவது 2 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவு. அதைத் தாண்டினால் எண் கவிழ்ந்துவிடும். 3 ஜி.பி. கார்டு அந்தக் கணக்கில் மைனஸ் 1 ஜி.பி. 4 ஜி.பி., 8 ஜி.பி. என்றால் பூஜ்யம். காசைக் கொட்டி வாங்கிய லேப்டாப்பைப் பார்த்து, ‘உங்கள் கார்டில் நினைவகம் போதவில்லை’ என்று ஒரு கேம் சொன்னால் இதையும் சந்தேகிக்கலாம். டிஜிவூடூ வழக்கமாக 256 எம்.பி. என்று அடக்கமாகச் சொல்லும். கேம் திருப்தியோடு தொடங்கிவிடும்.

குவேக் 3 எஞ்சினில் செய்த கேம்களின் கதை இதற்குத் தம்பி. தொடங்கியதும் அவை டிரைவரிடம் ‘உனக்கு என்னென்ன வித்தை தெரியும்?’ என்று கேட்கும். டிரைவர் எல்லாப் பெயர்களையும் ஒரே நீள வரியாகத் தரும். 1999இல் அது சின்ன வரி. எழுதி வைக்கக் கேம் ஒதுக்கிய இடமும் சின்னது. இன்றைய டிரைவர் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒப்பிக்க, இடம் வழிந்து, முதல் படம் வரும் முன்பே கேம் விழுந்துவிடும். டிரைவர் எழுதுபவர்களுக்கு இது தெரியும். அதனால் குவேக் 3 என்ற பெயரைக் கண்டால் பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கச் சில டிரைவர்களில் ஏற்பாடு உண்டு. அதே எஞ்சினில் ஓடும் வேறு கேமின் எக்ஸிகியூட்டபிள் ஃபைலுக்கு ‘குவேக்3’ என்று பெயர் மாற்றி ஓட்டிவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆள்மாறாட்டம்தான், ஆனால் வேலை செய்தது.

எல்லாப் பொய்யும் இவ்வளவு மலிவாக முடிவதில்லை. ஸ்பிளின்டர் செல் 2002இல் எக்ஸ்பாக்ஸிலும் அடுத்த ஆண்டு கணினியிலும் வந்தது. இருட்டில் பதுங்கிப் பதுங்கிப் போவதுதான் அதில் ஆட்டமே. நிழல்களை அது அந்நாளைய ஜீஃபோர்ஸ் 3, 4 கார்டுகள் ஆழத்தைக் கணக்கிட்ட விதத்தை நம்பி வரைந்தது. பின்னால் வந்த கார்டுகளில் அந்த நிழல்கள் பிசகிப்போயின. நிழல் இல்லாத ஸ்பிளின்டர் செல்லை ஆடுவதில் அர்த்தமே இல்லை. டிஜிவூடூ அந்தக் காலத்துக் கார்டின் நடத்தையையே போலி செய்வதால் நிழல் திரும்பக் கிடைக்கிறது.

லேப்டாப்புக்கே உரிய சிக்கல் ஒன்று தனியாக உண்டு. பல லேப்டாப்களில் கிராபிக்ஸ் சில்லு இரண்டு: புராசஸரோடு ஒட்டிய சிக்கனமானது ஒன்று, வலுவான தனிச் சில்லு ஒன்று. 2010இல் என்விடியாவின் ஆப்டிமஸ் வந்தபின் இந்த ஏற்பாடு பரவியது. புதிய கேம்கள் பல, வலுவான சில்லு வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே குறித்து வைத்திருக்கின்றன. பழையவற்றுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கிடைத்ததில் ஓடும். விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், கேமைச் சேர்த்து, எந்தச் சில்லு என்று நாமே சொல்லிவிடலாம். வலுவானதுதான் சரி என்றும் இல்லை. சில பழங்கேம்கள் சிக்கனச் சில்லில்தான் ஒழுங்காக வரும். வேறு எதையும் நோண்டுமுன் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

படம் திரையின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, மவுஸ் வேறு இடத்தில் கிளிக் ஆனால், எழுத்தைப் பெரிதாக்கும் 125, 150 சதவீத ஸ்கேலிங் காரணமாக இருக்கலாம். ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், ஹை டி.பி.ஐ. ஸ்கேலிங்கை விண்டோஸ் செய்யாமல் கேமிடமே விட்டுவிடுங்கள்.

வேகமும் வம்புதான். ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டரை அணைத்தால் படம் வழவழப்பாக ஓடும். ஆனால் தண்ணீரில் இறங்கிய கதாநாயகன் சி.ஜே. நீந்தி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஃபிரேம் எண்ணிக்கையோடு சேர்த்துக் கட்டிய கணக்கு அது. 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டோமே என்று லிமிட்டரைத் தொடாதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, புதுப்பித்த பதிப்பை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு 2019இல் வந்தது அருமையான பதிப்பு, தாராளமாக வாங்கலாம். 2021இல் வந்த ஜி.டி.ஏ. மூன்று கேம் தொகுப்போ மழையைக்கூட ஒழுங்காகக் காட்டாமல் வந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கடையிலிருந்து எடுத்துவிட்ட பழைய பதிப்புகளைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

ஆர்வலர்களின் கைவேலையாக இருந்த இந்தத் துபாஷித் தொழிலில் இப்போது பெரிய கம்பெனிகளே இறங்கிவிட்டன. டிஎக்ஸ்விகே என்ற ராப்பர், நியர்: ஆட்டோமாட்டா கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்ட ஒருவர் தொடங்கியது. டைரக்ட்3டி கட்டளைகளை அது வல்கன் மொழிக்கு மாற்றுகிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் தன் புரோட்டானில் வால்வ் நிறுவனம் 2018இல் அதைச் சேர்த்துக்கொண்டது. இன்டெல் 2022இல் வெளியிட்ட ஆர்க் கார்டுகளில் டைரக்ட்3டி 9க்கு நேரடி ஆதரவே இல்லை. நிறுவனம் மொழிபெயர்ப்பை நம்பி இறங்கியது. பழைய கேம்கள் தள்ளாடின. பிறகு வந்த டிரைவரில் சில கேம்களுக்கு இன்டெல் கையில் எடுத்தது டிஎக்ஸ்விகேயைத்தான். விண்டோஸுக்காக எழுதிய கேம், விண்டோஸ் லேப்டாப்பில் சரியாக ஓட, லினக்ஸ்காரர் தன் ஆசைக்கு எழுதிய நிரல் நடுவில் நிற்கிறது.