ஆர்வி-7, ஆர்வி-7ஏ: வீட்டில் கட்டும் விமானத்தில் ஒரு எழுத்து என்ன செய்யும்?

அமெரிக்காவில் பாகங்களை 'கிட்' ஆக வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே விமானம் கட்டலாம். பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர்களே செய்திருக்கணும் என்பது எஃப்ஏஏ விதி.

ஓரிகான் மாகாணத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் தரும் ஆர்வி-7 கிட், இரண்டு பேர் அருகருகே உட்காரும் விமானம். பெயரில் 'ஏ' இருந்தால் மூக்குச் சக்கரம். இல்லைன்னா வால் சக்கரம்.

வால் சக்கரத்தில் என்ன சிக்கல்?

விமானத்தின் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னாடி இருக்கும். தரையிறங்கும்போது லேசா திரும்பினாலும், பின்பக்க எடை இன்னும் திருப்பிவிடும். சமாளிக்கலைன்னா விமானம் சுழன்று, இறக்கை தரையில் உரசலாம். இதனால்தான் அங்கே வால் சக்கர விமானம் ஓட்ட தனிப் பயிற்சியும், பயிற்றுநர் ஒப்புதலும் தேவை.

அப்புறம் ஏன் வாங்குறாங்க?

எடை கொஞ்சம் குறைவு. புரொப்பெல்லர் தரையிலிருந்து உயரமா இருப்பதால் புல்தரைக்கும் கரடுமுரடான இடத்துக்கும் ஏற்றது.

மூக்குச் சக்கரம் பாதுகாப்பானதா?

எடை மையம் முன்னாடி இருப்பதால் விமானம் தானே நேராகும். தரையில் ஓடும்போது எதிரே இருப்பதும் நல்லா தெரியும். ஆனா, மேடுபள்ளத்தில் மூக்குக் கால் மடங்கி விமானம் குப்புறக் கவிழ்ந்த விபத்துகளும் உண்டு.

எதைத் தேர்வு செய்வது?

தார் ஓடுதளம், பக்கக் காற்று, குறைந்த அனுபவம் என்றால் 7ஏ. புல்தரையும் வால் சக்கரப் பயிற்சியும் இருந்தால் 7. சக்கரம் பொருத்தும் இடமே வேறுபடுவதால், கட்டின பிறகு மாத்துறது பெரிய வேலை. ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு பண்ணிடணும்.